தூரத்து வளைவில் நின்ற வண்டி

என் சின்ன மகள், போன ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருந்து திரும்பிய களைப்போடு சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னது இது.

அவளுக்கு பைக் ரேஸ் டீம் ஒன்றில் வேலை. வண்டி ஓடும்போது அதற்குள் என்னென்ன நடக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்ல வேண்டும். சீசன் தொடங்குமுன் வண்டியை ஓட்டிப் பார்க்க, இவர்கள் யாருமே கண்டிராத ஒரு ட்ராக்குக்குப் போயிருந்தார்கள். சாமான் பெட்டிகள் தாமதமாக வந்துசேர்ந்ததில், வண்டியைப் பூட்டி முடிக்க மெக்கானிக்குகள் தூக்கத்தையே மறந்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

டீமில் இருந்ததோ ஒரே இடம். அதற்கு இரண்டு ரைடர்கள் போட்டி. யார் வேகமோ அவருக்கு இந்த வருஷம் வேலை, மற்றவர் வீட்டுக்கு. முதல் நாள் ஒருவர் ஓட்டியாயிற்று. மறுநாள் இன்னொருவரான இளவயசுத் தம்பியின் முறை.

காலையில் ட்ராக்குக்குள் போன தம்பி இரண்டு சுற்று கூட முழுசாக ஓட்டவில்லை. தூரத்து வளைவில் வண்டி நின்றுவிட்டது.

"என்னய்யா வண்டி பூட்டியிருக்கீங்க?" என்று மேனேஜர் கத்தினார்.

நின்ற வண்டியை வேலிக்குப் பின்னால் தள்ளி வைத்துவிடுவார்களாம். மதிய இடைவேளைக்குத்தான் லாரி போய் எடுத்து வரும். அதுவரை இவர்களுக்கு வேலை இல்லை.

தலைமை மெக்கானிக் கொஞ்சம் வயதானவர், எல்லாருக்கும் அண்ணன். டயர் அடுக்கில் சும்மா சாய்ந்தார். அவ்வளவுதான், குறட்டை.

மதியம் லாரி வந்து வண்டியை இறக்கியது. அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்தார். முதல் தடவையிலேயே உறுமியது.

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார். ஓட்டினவன்கிட்டதான் குறை."

மேனேஜர் என் மகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"பார்த்துச் சொல்றேன் சார்."

பார்த்தாள். இன்ஜின் தானாக நிற்கவில்லை. கைப்பிடியில் இருக்கிற சுவிட்சை அமுக்கி அணைத்திருக்கிறான்.

எல்லாரும் உயிரைக் கொடுத்துப் பூட்டிய வண்டியாயிற்றே. அவளுக்கு எரிச்சல் வந்து, தம்பியை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நீயாத்தானே அணைச்சே?"

"ஆமாக்கா."

"புது ட்ராக்குன்னு பயமா?"

"வண்டியில கோளாறுன்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா. தெரியாம என் கை பட்டுடுச்சுன்னு சொல்லுங்க. பதறிப்போய் உட்கார்ந்துட்டேன்னு சொல்லுங்க."

"சிரிப்பாங்க தம்பி."

"சிரிக்கட்டும்கா."

அவள் அப்படியே சொன்னாள்; சிரித்தார்கள். அண்ணன்தான் அதிகம் சிரித்தார். "ஸ்கூட்டர்ல காய்கறி வாங்கப் போற என் பொண்டாட்டிக்குக்கூட எந்த சுவிட்ச் எதுக்குன்னு தெரியும்யா."

மேனேஜர் சிரிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் தம்பி ஓட்டினான். பழகாத ட்ராக் அரை நாளில் எவ்வளவு பிடிபடும்? எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே சாய்ப்பது என்று தட்டுத்தடுமாறி, கொஞ்சம் வேகம் கூடி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மேனேஜர் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, நீ வேற இடம் பார்த்துக்கோ."

தம்பி தலையை ஆட்டிவிட்டு, கையுறையைக் கழற்றி மடித்து வைத்தானாம்.

பெட்டி கட்டும்போது அண்ணன் என் மகளிடம் சொன்னார்: "இவனால ஒரே ஒரு பிரயோஜனம்மா. காலையில நான் நல்லாத் தூங்கினேன்."

விமான நிலைய வரிசையில் மகளுக்கு முன்னால் தம்பி நின்றிருந்தான். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"இப்பவாவது சொல்லு. எதுக்கு அணைச்சே?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். அண்ணன் வரிசையின் கடைசியில் இருந்தார்.

"காலையில அண்ணன் முன்சக்கர நட்டை முறுக்கிக்கிட்டிருந்தாருக்கா. பாதி முறுக்கும்போதே தூங்கிட்டாரு. கையில ஸ்பானர் இருக்கு, கண்ணு மூடியிருக்கு. மீதியை நான்தான் முறுக்கினேன்."

"மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவரை அனுப்பிடுவாங்க. இந்த வயசுல வேற யார் எடுப்பாங்க?"

"அவரையே கொஞ்சம் படுக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"படுக்க மாட்டார்கா. வண்டி கண்ணெதிர்ல வந்து போய்க்கிட்டிருந்தா எதையாவது கழட்டிப் பூட்டிக்கிட்டே இருப்பாரு. அது எங்கயாவது கண்ணுக்கு எட்டாத இடத்துல நின்னாத்தான் அவருக்குத் தூக்கம்."

"அவர் உன்னைப் பத்தி என்ன சொன்னார் தெரியுமா?"

"தெரியும்கா," என்றான் தம்பி. அந்தப் பயணத்தில் அப்போதுதான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தாளாம். "நல்லாத் தூங்கினேன்னு சொன்னாராமே."

நான் கும்பிடும்போதெல்லாம் அந்தப் பிள்ளையையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரேஸ் வண்டி ஓட்ட ஆள் தேடுகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.