பொதுமக்கள் கேட்கலாம்

சட்டப் பல்கலைக்கழகத்தின் அந்த அரங்கத்துக்கு நீதிபதியாக இருந்த என் தந்தையின் பெயர். அங்கேதான் எஸ்தர் என்ற பெண்ணின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நடந்தது. குற்றமற்ற கொண்டல்சாமியை அப்பா தூக்குக்கு அனுப்பினார் என்று நிறுவுகிறது அவள் ஆய்வேட்டின் ஐந்தாம் இயல். அதை நீக்கச் சொல்லி முன்பே கேட்டிருந்தேன். "அதை எடுத்துட்டா மிச்சம் அட்டைதான் ஐயா" என்றாள்.

"பொதுமக்கள் கேள்வி கேட்கலாம்" என்றார் தலைவர். அது சடங்கு. யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தேநீர் நினைப்பு. நான் எழுந்தேன். மடக்குவதற்கு ஒன்பது கேள்விகள் எழுதி எடுத்துப் போயிருந்தேன். வாயில் வந்தது வேறு.

"செத்தவனுக்காகக் கேட்க இன்னைக்கு யாரும்மா இருக்கா? எங்க வீட்டுப் பேரை எதுக்குக் கெடுக்கிறே?"

அவள் தயங்கினாள். "கொண்டல்சாமியோட மகன் இருக்கார் ஐயா. உங்க பின்னாடிதான் உட்கார்ந்திருக்கார்."

நான் திரும்பவில்லை. எதிர்ச்சுவரில் இருந்த அப்பாவின் படத்தையே பார்த்தபடி நின்றேன். கையிலிருந்த தாள் சலசலத்தது.

முதுகுக்குப் பின்னால், என் வயதுக் குரல் ஒன்று மெல்லச் சொன்னது: "உட்காருங்க சார். கை நடுங்குது."