ஏழாம் பலகை

அண்ணாச்சியின் மளிகைக் கடை வாசலை ஒரு காலத்தில் பன்னிரண்டு பலகைகள் வரிசையாக நின்று அடைத்தன. இரும்பு ஷட்டர் வந்ததும் பதினொன்று விறகாகப் போயின. ஏழாம் பலகை மட்டும் கடைக்குள் உப்பு மூட்டைக்கு அடியில் கிடந்தது.

ஷட்டருக்கு வாய் ஜாஸ்தி. "ஒரே இழுப்பில் கடையைச் சாத்துவேன். உங்களை அடுக்கி முடிப்பதற்குள் விடிந்துவிடுமாமே?" என்று பலகையைப் பார்த்துச் சிரிக்கும்.

ஊரெல்லாம் கடையடைப்பு நடந்த ஒரு நாள், பக்கத்துத் தெருப் பூங்கோதை ஓடிவந்து ஷட்டரைத் தட்டினாள்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு வயித்தால போகுது. கொஞ்சம் ஜவ்வரிசி குடுங்க!"

உள்ளே இருந்த அண்ணாச்சி அவசரமாகப் பொட்டலம் கட்டினார். ஷட்டரைத் தூக்கத் தொடங்கியதுமே கடகடவென்ற சத்தம் தெருமுனை வரை போனது.

"எவன்டா அங்க கடை தெறக்குறது?" என்று அதட்டல் வந்தது. அண்ணாச்சி கையை எடுத்துவிட்டார். பூங்கோதை வெறுங்கையோடு திரும்பினாள்.

வெகுநேரம் கழித்து ஷட்டர் மெல்லக் கேட்டது: "முன்னெல்லாம் இப்படி யாராவது வந்தால்?"

"என்னை மட்டும் சத்தமில்லாமல் நகர்த்துவார்."

"எவ்வளவு?"

ஈரக் கை, மருதாணிக் கை, நடுங்கும் கை என்று எத்தனையோ கைகள் பலகையின் நினைவில் வந்து போயின.

"ஒரு கை நுழையும் அளவுக்கு," என்றது.