அவர் கழற்றி வைத்த ஸ்வெட்டர்

"கீழ எறங்குனா வேர்க்கும்டி" என்று ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போனார். அன்றே இடஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். மலைக்கு வரும் பஸ் நின்றுபோனது. மார்கழிக் குளிரோடு புயல்மழையும் சேர்ந்துகொண்டது.

நான் ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்து, நெருப்புச் சட்டியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்ததும் போட்டுக்கொள்ளச் சூடாக இருக்கட்டும் என்று, ஸ்வெட்டரைச் சட்டிக்கு மேலே கொடியில் போட்டேன். இரண்டு நாளும் காலையில் அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வீட்டில் எங்கும் ஒழுகவில்லை.

விறகு கொண்டுவந்த பொன்னுருவி சிரித்தாள்.

"நடந்தே வந்துக்கினு இருப்பாருங்க டீச்சர். சாருக்குத்தான் நெட்டக் காலாச்சே."

"இந்தக் குளிர்லயா?" என்றேன்.

மூன்றாம் நாள் காலை, சட்டியில் சாம்பல்கூடக் குளிர்ந்துபோயிருந்தது. கதவின் தாழ் நான் போட்டபடியே இருந்தது. ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இப்போதுதான் உடம்பிலிருந்து கழற்றியதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.