வேரோடு ஒரு பல்

அஞ்சலாட்சிக்குக் காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சுண்ணாம்புக் குழிக்குள் சல்லடையைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் அலைந்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் மூன்றாவது தடவையாக அதிர்ந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்துதான். ஆற்றோரம் ஒரு உடம்பு கிடைத்திருக்கிறதாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு போன அவள் மகன்தானா என்று வந்து பார்க்க வேண்டுமாம். "மொகம் தெரியாதும்மா, பல்லத்தான் பாக்கணும்" என்று முதல் போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

நான்கு மாதமாக அவள் சலித்தெடுத்ததெல்லாம் பல்தான். ஆட்டுக்குட்டி உயரமே இருந்து, மற்ற மிருகங்களை அடித்துத் தின்ற டைனோசரின் பல். அரிசி நீளம், ஓரத்தில் ரம்பம். ஆராய்ச்சிக்கு வந்திருந்த மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்: "வேர் இல்லன்னா, கடிக்கும்போது விழுந்த பல்லுதான், அக்கா. வேற பல்லு மொளைச்சு அந்த மிருகம் அது பாட்டுக்குப் போயிருக்கும். வேரோட கெடச்சா இங்கயே செத்துருக்கும்."

இதுவரை வேரோடு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. இப்போது ஒன்று சல்லடையில் கிடந்தது.

"என்னக்கா, ஏதாச்சும் சிக்குச்சா?" மேட்டிலிருந்து மேடம் கேட்டார்.

போன் மறுபடி அதிர்ந்தது. அஞ்சலாட்சி இரண்டு விரலுக்கு நடுவே பல்லை வைத்து அழுத்தினாள். வேர் பொட்டென்று முறிந்தது. அதைக் காலால் மண்ணுக்குள் மிதித்துவிட்டு, மிச்சத்தை நீட்டினாள்.

"விழுந்த பல்லுதான் மேடம். இதுவும் எங்கயோ போயிருக்கு."