வெள்ளம் பார்த்த வண்டி

"இன்ஜின் ஏன் சூடா இருக்கு?" பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி மெக்கானிக் கேட்டாள்.

பழைய கார்கள் விற்கும் அந்தக் கடையின் முதலாளி, சேர்ந்து ஒரு வாரமே ஆகியிருந்த சேல்ஸ்மேனைத் திரும்பிப் பார்த்தார். அவன் பல்லைக் காட்டினான்.

"நீங்க வர்றீங்கன்னதும் நான்தான் கொஞ்சம் ஓட்டி வச்சேன்."

"ஆறட்டும். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாத்தான் அதோட வண்டவாளம் தெரியும்."

கார் வாங்க வந்த டீச்சர் அவள் பக்கத்திலேயே நின்றார். கணவரை வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். நடுவழியில் மக்கர் பண்ணும் வண்டியாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் சொல்லி இவளைக் கூட்டி வந்திருந்தார்.

"சிங்கிள் ஓனர் மேடம். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்," என்றான் சேல்ஸ்மேன்.

"திறந்தே பார்த்துடுவோம்ணே," என்றாள் மெக்கானிக்.

"நானே பார்த்து வாங்கின வண்டிதான். பெயிண்ட், டயர், ஆயில் எல்லாம் சுத்தம்," என்றார் முதலாளி.

"சுத்தம்தான் சார். ரொம்பச் சுத்தம். அதான் இடிக்குது."

டிரைவர் சீட்டின் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தாள். எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி முழத்தில் காய்ந்த சேறு. சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தாள். போல்ட்டெல்லாம் துரு.

"வண்டி வெள்ளத்துல நின்னிருக்கு. இப்ப நல்லாத்தான் ஓடும். வயரிங் என்னைக்குக் கைவிடும்னு சொல்ல முடியாது. இது வேணாம் மேடம்."

சேல்ஸ்மேனின் முகம் சுண்டிவிட்டது. "சார், நீங்க ஒண்ணும் சொல்லாம நிக்கிறீங்களே..."

முதலாளி அவனைக் கையமர்த்தினார். குனிந்து, பெல்ட்டில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அவங்க சொல்றது சரி. நான்தான் ஏமாந்திருக்கேன். இதை யார் தலையிலயும் கட்ட மாட்டேன். வேற வண்டி வந்ததும் சொல்லி அனுப்பறேன் மேடம். அப்பவும் இவங்களையே கூட்டிட்டு வாங்க."

இருவரும் கிளம்பிப் போனதுதான் தாமதம், சேல்ஸ்மேன் பொரிந்து தள்ளினான்.

"கைக்கு வந்த வியாபாரத்தைக் கெடுத்துட்டுப் போறா. இனிமே அந்தப் பொண்ணைக் கடைக்குள்ளயே விடக் கூடாது சார்."

முதலாளி செல்போனை எடுத்து மனைவிக்கு அடித்தார்.

"இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், நான் கோட்டை விட்டதை ஒருத்தி அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சுட்டா. என் கடைக்கே வந்து, என் முகத்துக்கு நேரா, இந்த வண்டி வேணாம்னு சொல்லிட்டுப் போறா." சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை. "வேற யாரு, நம்ம பொண்ணுதான்."