கல்லுக்குண்டு

உப்பு ஜாடியை அப்படியே தூக்கிக் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள் அவள். நாற்காலியில் உட்கார்ந்து கேவிக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வருடா வருடம் உடம்பைக் காட்டிச் சான்று வாங்கினால்தான் மேலே ஏற விடுவார்கள். காலையில் தம்பியையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனவன், மதியம் பேயறைந்த மாதிரி திரும்பியிருந்தான். மேசையில் கிடந்த ரிப்போர்ட்டில் அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

கொழுந்தன்தான் தரையைப் பார்த்தபடி விவரம் சொன்னான். பிரஷர் பார்த்த கையோடு ஸ்கேனும் எடுத்தார்களாம். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு இதயத்தைத் தடிக்க வைத்து, வீங்க வைத்து, பலத்தையே உறிஞ்சிவிட்டதாம். இனிப் பழையபடி ஆகாது, மாத்திரையைப் போட்டு நாளை ஓட்ட வேண்டியதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம்.

சொல்லிவிட்டுச் சட்டைக்குள் கைவிட்டு, நெஞ்சில் இருந்த பிசுபிசுப்பைத் துடைத்துக்கொண்டான். வெயிலில் வந்தவனாயிற்றே என்று அவள் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கொதிப்பு எகிறுகிறது, மாத்திரை போடு என்று போன வருடமே எச்சரித்துத்தான் அனுப்பினார்கள். வேலை போய்விடுமே என்று பயந்தானே தவிர, ஒரு மாத்திரை வாயில் போட்டானா? பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்காருவான், கேட்டால் ஒன்றுமில்லை என்பான். அவள் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஆனால் அழுகிற மனிதனை எவ்வளவு நேரம்தான் திட்டுவது? பிள்ளைகள் இரண்டும் இன்னும் பள்ளிக்கூடம் தாண்டவில்லை. இந்த ஆள் போய்விட்டால் நடுத்தெருதான்.

கொழுந்தன் பக்கம் திரும்பினாள். முகத்தில் அண்ணனை உரித்து வைத்திருந்தாலும் உடம்பு இரும்பு. தலைவலி, காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தவனில்லை, ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவனில்லை.

“தம்பி, உங்க அண்ணன நம்பி இனி ஒண்ணும் இல்ல. நீங்கதான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கீங்க. எம் பிள்ளைங்கள விட்டுட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

கொழுந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

“அவன்கிட்ட அதைக் கேக்காத” என்று கணவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“ஏன் கேக்கக் கூடாது? வேற யாருகிட்டப் போய் நான் கேக்கறது?”

“என் பேரைச் சொல்லி அங்க ஸ்கேனுக்குப் போய்ப் படுத்தது அவன்.”