பள்ளிக்கூடத்துப் பெயர்

தலைமை ஆசிரியர் பிள்ளையிடம் பெயரைக் கேட்டபோது, வராந்தாவில் நின்றிருந்த செவனம்மா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஞானஜோதி சார்."

தடுமாறாமல் சொல்லிவிட்டாள். செவனம்மா தன் மகளுக்கு வைத்த பெயர் தவமணி.

அறைக்குள் அம்மாவாக உட்கார்ந்திருந்தது சாராள். செவனம்மா பாத்திரம் தேய்க்கும் வீட்டுக்காரி. அவள் புருஷன் சத்தியநாதனுக்கு ரயில்வே ஆபீசில் வேலை. போன வருடம்தான் விழுப்புரத்திலிருந்து தாம்பரத்துக்கு மாற்றலாகி, இரும்புலியூரில் வீடு பிடித்திருந்தார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மற்றவர்கள் கப்பலில் வந்தார்கள். அவர்கள் கையில் சர்க்கார் கொடுத்த அட்டை இருந்தது. செவனம்மாவின் பெயர் எந்தக் கப்பலுக்கும் வரவில்லை. பஞ்சத்தில் புருஷன் செத்தபிறகு, மகளை மடியில் இறுக்கிக்கொண்டு மன்னாரிலிருந்து திருட்டுத்தனமாகத் தோணியில் வந்து இறங்கியவள் அவள்.

கீழ்க்கட்டளைப் பக்கம் கல் உடைத்துக்கொண்டிருந்தபோது, மகளைச் சேர்க்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அட்டை எங்கே என்றார்கள். எடுத்து வருகிறேன் என்று வெளியே வந்தவள், போலீஸ் வந்து அக்கரைக்கே அனுப்பிவிடுமோ என்று பயந்து, அந்த வாரமே குடிசையைக் காலி செய்துவிட்டாள்.

சாராளிடம் அவளாக எதையும் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போவதைத் தவமணி தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்ப்பதைக் கவனித்து, ஏன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை என்று சாராள்தான் கேட்டாள். செவனம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள், என் பிள்ளை என்று சொல்லிச் சேர்த்துவிடுகிறேன், பெயர் மட்டும் ஞானஜோதி என்று இருக்கட்டும் என்றாள்.

வேதக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அப்படித்தான் பெயர் இருக்கவேண்டுமாக்கும் என்று செவனம்மா நினைத்துக்கொண்டாள். இன்று காலையில் மகளின் நெற்றிப் பொட்டைத் தன் முந்தானையால் தானே துடைத்துவிட்டாள்.

சாராள் நீட்டிய ஞானஸ்நானச் சீட்டைத் தலைமை ஆசிரியர் பார்த்தார். சர்ச்சில் யாரிடமாவது சொல்லி வாங்கியிருப்பாள் என்று செவனம்மா நினைத்தாள். பிறகு அவர் நிமிர்ந்து, வெளியே நிற்பது யார் என்று பிள்ளையிடமே கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அவளை யாரும் பழக்கியிருக்கவில்லை.

தவமணி திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல வேலை செய்றவங்க சார்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. பேச்சுகூட அப்படியே சாராளின் பேச்சு.

கெட்டிக்காரி, பிழைத்துக்கொள்வாள் என்று செவனம்மா தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நெஞ்சு கேட்கவில்லை. தோணியில் வந்தபோதுகூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அன்றைக்கு மடியில் ஒரு கனம் இருந்தது.

உள்ளே நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்த பியூன் குப்பன் பக்கத்தில் வந்தான்.

"இங்க இன்னாத்துக்கு நின்னுகினு கீற? அந்தாண்ட போய் நில்லும்மா."

அவள் இறங்கிப் போய்ப் புங்கமரத்தடியில் நின்றாள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் வந்து தவமணியின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. வேலை முடிந்ததென்று சாராள் வீட்டுக்குக் கிளம்புவாள் என்று செவனம்மா எதிர்பார்த்தாள். சாராள் நேரே மரத்தடிக்கு வந்து, வகுப்பின் ஜன்னலைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

டீச்சர் வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். புதுப் பெயர் கடைசியில் வந்தது.

"ஞானஜோதி."

"உள்ளேன் டீச்சர்."

சாராள் சட்டென்று செவனம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதத்தில் அவள் செவனம்மாவைத் தொட்டதே இல்லை.

"எம் பொண்ணு விழுப்புரத்துல இப்படித்தான் சத்தமா சொல்லுவாளாம்," என்றாள். "காய்ச்சல்ல போயிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பேரை எங்க வீட்ல யாரும் கூப்பிடலை."

செவனம்மா வகுப்பின் ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே அவள் பிள்ளை, செத்துப்போன ஒரு பிள்ளையின் பெயரில் உட்கார்ந்திருந்தது. கையை உதறிவிட்டு ஓடிப்போய், மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது. வந்து எங்கே போவது?

கையை அவள் உதறவில்லை.

சாராள், சாயங்காலம் நானே வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். வீட்டுக்காரி வேலைக்காரியிடம் கேட்கிற மாதிரி இல்லை அது.

செவனம்மா சரியென்று தலையை ஆட்டினாள். பிறகு சாராளுக்காகக் காத்திராமல் நடந்தாள். சாராள் வீட்டில் பாத்திரமெல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது.